மறுபடி படிப்பதா, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதா? நான்கு படிப்பு முறைகள், அவற்றின் உண்மையான விலை

குரூப் 4 எழுதப்போகிறவர்கள், நீட்டுக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர், வேலைக்குப் போய்க்கொண்டே துறைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "மூணு தடவை படிச்சாச்சு, ஹால்ல போய் உட்கார்ந்தா ஒண்ணும் வரல. இன்னும் எத்தனை தடவை படிக்கணும்?" வண்டலூரில் வீடு, கிண்டியில் வேலை என்றிருக்கும் ஒரு வாசகர் இதையே இன்னும் திட்டவட்டமாகக் கேட்டிருந்தார். சமச்சீர் புத்தகங்களை நான்காவது முறை படிப்பதா, மாதிரித் தேர்வுகளை மட்டும் வரிசையாக எழுதவைக்கும் டெஸ்ட் பேட்ச்சில் பணம் கட்டுவதா, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக அட்டைகளைக் காட்டும் கார்டு ஆப்பை மொபைலில் போடுவதா?

இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பணம் மட்டுமல்ல. ஒன்று சுகமாக இருக்கும், மற்றவை படுத்தும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து உளவியலாளர் ராபர்ட் பியோர்க் 1994-இல் 'விரும்பத்தக்க சிரமங்கள்' என்றொரு பெயர் வைத்தார். படிக்கும் நேரத்தில் நம்மைத் தடுமாற வைக்கிற சில விஷயங்கள்தான் பின்னால் நினைவில் நிற்க உதவுகின்றன என்பது அதன் சாரம். எல்லாச் சிரமமும் அல்ல, சில சிரமங்கள். எவை, யாருக்கு, எப்போது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில், படித்தது எப்போது வேண்டும் என்பது. நாளைக் காலை வகுப்புத் தேர்வுக்கா, ஆறு மாதம் கழித்து வரும் போட்டித் தேர்வுக்கா? இதை முடிவு செய்யாமல் எந்த முறை நல்லது என்று பேசுவதே வீண்.

அடுத்தது, ஒரு மணி நேரம் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பது. மூன்றாவது, வெளியில் தெரியாத செலவு: தயாரிப்பு நேரம், கட்டணம், கூட ஒரு ஆள் தேவையா என்பதெல்லாம் இதில் வரும். நான்காவது, மனசு தாங்குமா? இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பாதி வழியில் விட்டுவிட்டவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்லும் காரணம் இதுதான். ஐந்தாவது, அந்தப் பாடத்தில் உங்களுக்கு அடிப்படை இருக்கிறதா, அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறீர்களா?

'படிக்கும்போது நன்றாக ஏறுகிற மாதிரி இருக்கிறதா' என்பதை வேண்டுமென்றே இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதை நம்பித்தான் பெரும்பாலானவர்கள் முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கவிழ்த்துவிடுவதும் அதுதான்.

## திரும்பத் திரும்பப் படிப்பது

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதிக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜெராக்ஸ் நோட்ஸ், மஞ்சள் ஹைலைட்டர், பச்சை ஹைலைட்டர். சில பக்கங்களில் கோடு போடாத வரிதான் தனியாகத் தெரியும். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த உழைப்பு போய்ச் சேரும் இடம்தான் தப்பு.

மூன்றாவது முறை படிக்கும்போது கண்ணுக்குப் பக்கம் பழகிவிடுகிறது. அடுத்த வரி என்ன என்று தெரிகிறது, உடனே 'இது எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பக்கத்தைப் பார்த்தால் தெரிவது ஒன்று, பக்கம் இல்லாமல் வருவது வேறொன்று.

"அப்ஜெக்டிவ் தேர்வுதானே, பார்த்தால் தெரிந்தால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வித்தாள் தயாரிப்பவருக்கும் இது தெரியும். வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு என்று கேட்டு 1799, 1801, 1806, 1857 என்று கொடுத்தால் நான்குமே நீங்கள் மஞ்சள் அடித்த ஆண்டுகள்தான். நான்குமே பழகிய முகங்கள்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த இடத்தில் மிகவும் பயன்படும். மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவு அதையே மறுபடி படித்தது, இன்னொரு பிரிவு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

முதல் ஜோடி எண்களையும் கவனியுங்கள். ஐந்து நிமிடக் கணக்கில் மறுவாசிப்பு ஜெயிக்கத்தான் செய்கிறது. ஹாலுக்கு வெளியே நின்றுகொண்டு கடைசியாக ஒரு புரட்டு புரட்டுவது அதனால் மூடத்தனம் அல்ல. புதிய பாடத்தை முதல் தடவை படிக்கும்போதும், புரியாத பத்தியை மறுபடி படிக்கும்போதும் இதற்கு மாற்று கிடையாது. புரிந்த பிறகும் அதையே செய்துகொண்டிருப்பதில்தான் நஷ்டம். பணச் செலவு எதுவும் இல்லாததால் அந்த நஷ்டம் கணக்கில் வருவதில்லை. ஒரு புத்தகத்தை நான்காவது முறை முடிக்க ஆகும் இரண்டு வாரத்தை யாரும் செலவாக எழுதி வைப்பதில்லை.

## மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது

வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்வோம். பாடத்தை ஒரு முறை ஊன்றிப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். 1806 ஜூலை 10 வந்துவிடும். புதிய தலைப்பாகை வந்துவிடும். திருநீறு, நாமம் கூடாது, கடுக்கன் கூடாது என்ற உத்தரவு வரும். அதைப் போட்ட தளபதி யார்? நுனிநாக்கில் நிற்கும், வராது. அடக்க வந்த ஜில்லெஸ்பி எங்கிருந்து வந்தார், ஆற்காடா, ஆரணியா?

இந்த இடத்தில்தான் கை தன்னால் புத்தகத்துக்குப் போகும். அரை நிமிடம் பொறுங்கள். தப்பாக இருந்தாலும் ஒரு விடையை எழுதிவிட்டு அப்புறம் திறந்து பாருங்கள். ஜான் கிரடாக், ஆற்காடு. அந்த அரை நிமிடத் தவிப்பும் அடுத்து வரும் திருத்தமும் சேர்ந்துதான் வேலையைச் செய்கின்றன. திருத்தத்தை விட்டுவிட்டால் ஆரணி என்ற தப்பு விடைதான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதே இரு ஆய்வாளர்கள் 2008-இல் மாணவர்களுக்கு 40 சுவாஹிலி மொழிச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். தெரிந்துவிட்ட சொற்களையும் விடாமல் தங்களையே கேட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை சரியாகச் சொன்னதும் அந்தச் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டவர்களுக்கு, அதை எவ்வளவு படித்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஒரு வாரத்தில் எவ்வளவு ஞாபகம் இருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாப் பிரிவினரும் பாதி இருக்கும் என்றே சொன்னார்கள். தன் படிப்பு தேறுமா என்று படிப்பவருக்கே தெரிவதில்லை.

செலவுக்கு வருவோம். முதலாவது, மெதுவாகத்தான் போகும். மறுவாசிப்பில் ஒரு மாலையில் முடியும் பாடம் இதில் அந்த வேகத்தில் முடியாது, போர்ஷன் நகரவில்லை என்ற பயம் வரும். இரண்டாவது, தன்மானம். பத்தில் நான்குதான் வந்தது என்பதைத் தினமும் பார்ப்பது லேசான விஷயம் இல்லை.

மூன்றாவது, டெஸ்ட் பேட்ச். அண்ணா நகர் பக்கம் கோச்சிங் சென்டர்களில் இதைத் தனியாகவே சேரலாம். இந்தக் கட்டணத்தில் நீங்கள் வாங்குவது கேள்வித்தாளையும் தேதியையும். தேதிக்கு மதிப்பு உண்டு, வீட்டில் உட்கார்ந்து தள்ளிப்போடுகிறவருக்கு அது நிஜமாகவே உதவும். ஆனால் தாளை எழுதிவிட்டு, ரேங்க்கைப் பார்த்துவிட்டு, தப்பான கேள்விகளைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுத்த டெஸ்ட்டுக்குப் போனால் கட்டிய காசில் பாதி போச்சு.

கூட ஆள் வேண்டும் என்றால் பாடம் தெரிந்த ஆள் தேவையில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "சரி, ஒப்பி பார்க்கலாம்" என்று சொல்ல அம்மாவோ தங்கையோ போதும். ஒரே எச்சரிக்கை, எப்போதும் முதல் வரியிலிருந்து ஒப்பிக்க விடாதீர்கள். செய்யுளை ஆரம்பத்திலிருந்து கடகடவென்று சொல்லும் பிள்ளை, மூன்றாவது அடியை மட்டும் கேட்டால் திரும்ப முதலடிக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேர்வில் மூன்றாவது அடியைத்தான் கேட்பார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிற யாருக்கும் என் முதல் பரிந்துரை இதுதான். மற்ற மூன்றும் இதற்குப் பிறகு.

## இடைவெளி விட்டுப் படிப்பது

ஞாயிறு ஒரே நாளில் ஐந்து மணி நேரம் படிப்பதா, அதே ஐந்து மணியை ஐந்து நாளுக்குப் பிரிப்பதா? ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து, பிரித்துப் படிப்பதற்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதிவிட்டார். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான். கொஞ்சம் மறக்க விட்டு மறுபடி தேடி எடுப்பதால் வருகிற பலன் இது.

பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுத்தபோது நடந்ததை 1978-இல் பேட்லி, லாங்மன் இருவரும் எழுதினார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள், தினம் நான்கு மணி நேரம் பயின்றவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் எல்லாப் பிரிவினரிலும் அதிக அதிருப்தியோடு இருந்தவர்கள் இந்த ஒரு மணி நேரக்காரர்களே. நாள் கணக்கு நீண்டதால் தாங்கள் பின்தங்கிவிட்டதாக நினைத்தார்கள்.

எவ்வளவு இடைவெளி? தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. செப்பீடாவும் கூட்டாளிகளும் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வாரம் கழித்து நினைவு வேண்டுமென்றால் ஓரிரு நாள் இடைவெளியும், ஒரு வருடம் கழித்து வேண்டுமென்றால் சுமார் மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. குரூப் 4 அறிவிப்பு வந்த பிறகு புத்தகம் வாங்குபவருக்கு இதில் கிடைப்பது குறைவு. அறிவிப்புக்கு முன்பே தொடங்குபவருக்குத்தான் முழுப் பலனும்.

கருவி இரண்டு வகை. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பிரபலமாக்கிய அட்டைப்பெட்டி முறை ஒன்று: செருப்பு டப்பாவில் ஐந்து தடுப்பு, சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பானது முதல் தடுப்புக்குத் திரும்பும். பின்தடுப்புகளை அபூர்வமாகத்தான் எடுப்போம். இன்னொன்று ஆன்கி போன்ற ஆப்கள், இவை இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்கின்றன.

ஆப்பின் மறைமுகச் செலவு, பார்க்காமல் சேர்ந்துபோகும் பாக்கி. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்தால் குவிந்து கிடக்கும் அட்டைகளைப் பார்த்ததும் மூடிவைக்கத் தோன்றும். ஆப் போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் பலர் நிறுத்தியது இந்த இடத்தில்தான். புதிய அட்டை சேர்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பழைய பாக்கியைத் துளித்துளியாகத் தீர்த்தால் மீளலாம். அட்டை தயாரிப்பதே ஒரு பொழுதுபோக்காக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. கலர் கலராக அட்டை செய்து முடிக்கும்போது தூக்கம் வந்துவிடும். அடுத்தவர் செய்த தொகுப்பை இறக்கினால் நேரம் மிச்சம், ஆனால் அவர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அதைத்தான் நீங்கள் படிப்பீர்கள்.

## கலந்து படிப்பது

குரூப் 4 தாளில் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள். வழக்கமாக எப்படிப் பழகுகிறோம்? திங்கள் தனிவட்டி, செவ்வாய் கூட்டுவட்டி, புதன் காலமும் வேலையும். தனிவட்டி அன்று முப்பது கணக்குப் போட்டால் முப்பதும் சரி. ஏன் சரியாகாது? எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிட்டதே.

தேர்வில் தலைப்பு இருக்காது. ரூ. 8,000, 5 சதவீதம், 2 ஆண்டு, 'கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன?' என்று வரும். தனிவட்டி 800, கூட்டுவட்டி 820, விடை 20. போடத் தெரியாததால் இதில் தப்பு செய்பவர்கள் குறைவு, கேள்வியைப் பார்த்து இது எந்த வகை என்று பிரிக்கத் தெரியாமல் தப்பு செய்பவர்கள் அதிகம். அந்தப் பிரித்தறியும் பழக்கம் கலந்து போட்டால்தான் வரும்.

ரோரர், டெய்லர் இருவரும் 2007-இல் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகளை இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவகையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. இதைவிடத் தலைகீழாக ஒரு முடிவு வர முடியாது.

தமிழ் இலக்கணத்துக்கும் இது பிரமாதமாகப் பொருந்தும். தொகைநிலைத் தொடர்களைத் தனித்தனியாகப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். ஊறுகாய், செந்தாமரை, மலர்க்கை, தாய்சேய் என்று கலந்து எழுதிவைத்து வகை சொல்லிப் பாருங்கள். ஊறுகாயில் மூன்று காலமும் ஒளிந்திருப்பதால் வினைத்தொகை என்பதும், செந்தாமரையில் இருப்பது நிறம் என்பதால் பண்புத்தொகை என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். எட்டுத்தொகை நூல்களின் அடி எல்லையும் அப்படித்தான். குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. ஒன்றைத் தனியே உருப்போட்டால் குழம்பும், மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குவது தெரியும்.

கலப்பது என்றால் வரலாற்றையும் இயற்பியலையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது அல்ல. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடியவற்றைத்தான் கலக்க வேண்டும். கூட்டுவட்டி என்றால் என்னவென்றே தெரியாதவருக்குக் கலந்து கொடுப்பது கொடுமை. முதலில் ஒரே வகையில் சில கணக்குகள், போட்டுக்காட்டிய கணக்கைப் பார்த்துப் படிப்பது, கை பழகியதும் கலவை என்பதே வரிசை.

## ஒரே பார்வையில்

| | மறுவாசிப்பு | மூடிச் சொல்வது | இடைவெளி | கலவை |
|---|---|---|---|---|
| நாளைக்கே தேர்வு | பரவாயில்லை | முடிந்தவரை | வாய்ப்பில்லை | வேண்டாம் |
| மாதக்கணக்கில் நிற்க | பலவீனம் | மிக நன்று | மிக நன்று | குழம்பும் வகைகளுக்கு நன்று |
| மறைமுகச் செலவு | வாரங்கள் கரையும் | மெதுவான வேகம், திருத்தும் நேரம் | முன்கூட்டியே தொடங்கணும், பாக்கி சேரும் | பயிற்சி மதிப்பெண் விழும் |
| மனசுக்கு | இதம் | உறுத்தல் | பொறுமை தேவை | பீதி |
| அடிப்படை இல்லாதவருக்கு | இங்கேதான் தொடக்கம் | சின்னச் சின்னதாக | பொருந்தும் | பிறகு |

## சும்மா கஷ்டப்படுத்துபவை

சிரமம் நல்லது என்று கேள்விப்பட்டதும் சிலர் எல்லாவற்றையும் சிரமமாக்கப் பார்க்கிறார்கள். 2018-இல் மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் எழுத்துகளை இடையிடையே வெட்டி, படிக்கக் கஷ்டமாக ஒரு ஆங்கில எழுத்துரு வெளியிட்டது. படிக்கச் சிரமமானால் நினைவு கூடும் என்பது எண்ணம். பின்னர் சோதித்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. கண்ணைக் கஷ்டப்படுத்துவது நினைவைக் கஷ்டப்படுத்துவதாகாது. டிவி ஓடுகிற ஹாலில் படிப்பதும், புரியாத ஆங்கில கைடை வீம்புக்குப் படிப்பதும் இந்த ரகம்தான்.

## சரி, உங்களுக்கு எது?

வண்டலூர்–கிண்டி வாசகருக்கு என் பதில்: நான்காவது வாசிப்பு வேண்டாம். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காத நேரத்தில் மொபைல் அட்டைகள், ஆண்டு, பெயர், சொல்பொருள் போன்ற துண்டுத் தகவல்களுக்கு மட்டும். வீட்டில் வெள்ளைத் தாள். டெஸ்ட் பேட்ச்சுக்கு இப்போதே கட்ட வேண்டாம், பாடத்திட்டத்தில் பாதியாவது ஒரு சுற்று முடித்த பிறகு சேருங்கள். அதுவரை முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் போதும், அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

பத்து நாளே பாக்கி என்றால் புதிய முறை எதையும் ஆரம்பிக்க வேண்டாம். படித்த பாடங்களை மட்டும் எடுத்து, காலையில் ஒரு தடவை மூடிச் சொல்லி, மறுநாள் இரவு மறுபடி சொல்லிப் பாருங்கள். படிக்காத பாடத்துக்கு ஒரே வாசிப்பு, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள் முதல் மாதம் கலவை பக்கமே போகாதீர்கள். போட்டுக்காட்டிய கணக்கைப் பார்ப்பது, அதே வகையில் இரண்டு தானே போடுவது, அவ்வளவுதான்.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை முறையை மாற்றியதும் வாராந்திர டெஸ்ட்டில் மதிப்பெண் இறங்கலாம். "ராத்திரி பதினொரு மணி வரைக்கும் படிச்சியே, என்னடா இது?" என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். ஒரே பாடத்திலிருந்து வந்த கேள்விகளில் குறைந்திருந்தால் அது புரியாத பாடம், ஆசிரியரிடம் போகட்டும். பல பாடங்களைக் கலந்து வைத்த தாளில் குறைந்திருந்தால் ஒரு மாதம் விட்டுப் பிடியுங்கள், இடையில் டியூஷனை மாற்றாதீர்கள்.